கோட்டைக்கு எத்தனை நிமிடம்

எங்கள் ஸ்கெல்பெக்கில் ரயிலை விட்டு இறங்குகிறவர்கள் கோட்டை எங்கே என்று முதலில் கேட்பது என்னிடம்தான். ஸ்டேஷனிலிருந்து சந்தைச் சதுக்கத்துக்கு வரும் வழியில் காலையில் முதலில் திறப்பது என் மருந்துக் கடை. இருபத்தாறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நேரே போங்கள், கால்வாய்ப் பாலத்தைத் தாண்டுங்கள், படிக்கட்டு தெரியும், ஏறுங்கள். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் அவர்களுடைய கால்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாய்க்கு வந்ததைச் சொல்வேன்.

போன வசந்தத்தில் மாவட்ட நிர்வாகம் எங்கள் ஊருக்கு ஐந்து கைகாட்டிகள் தருவதாகக் கடிதம் எழுதியது. இரும்புக் கைகாட்டிகள். பச்சை வண்ணம், வெள்ளை எழுத்து. ஒரே ஒரு நிபந்தனை. தூரத்தை மைலில் எழுதக் கூடாது, மீட்டரிலும் எழுதக் கூடாது. நடந்தால் எத்தனை நிமிடம் என்று எழுத வேண்டும். அப்போதுதான் ஜனங்கள் காரை விட்டு இறங்குவார்களாம். எழுத்துகள் இரும்போடு சேர்த்தே வார்க்கப்படும், ஒருமுறை வார்த்துவிட்டால் திருத்த முடியாது, ஆகையால் ஜூன் முடிவதற்குள் சரியான எண்களை அனுப்புங்கள் என்று கடிதம் முடிந்தது.

அந்த வேலை நகர மன்றத்தின் கிளார்க் ஜானிஸ் ஹெப்டனிடம் வந்தது. ஐம்பத்து நான்கு வயது. இருபத்திரண்டு வருடமாக அதே நாற்காலி. ஒருமுறை மன்ற வாசலில் தன்னுடைய கார் தவறான இடத்தில் நின்றதற்காகத் தன் பெயருக்கே ஓர் எச்சரிக்கைக் கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு, நகல் எடுத்துக் கோப்பில் வைத்தவர். அவருடைய கணவர் ஒன்பது வருடத்துக்கு முன்பு ஒரு நாய்ப் பயிற்சியாளரோடு போய்விட்டார். நாயையும் கூட்டிக்கொண்டு போனதுதான் தாங்க முடியவில்லை என்று ஜானிஸ் ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

ஜானிஸ் கணினியில் ஊர் வரைபடத்தைத் திறந்தார். ஸ்டேஷன் வாசலில் ஒரு சொடுக்கு, திருப்பத்தில் ஒரு சொடுக்கு, பாலத்தில் ஒரு சொடுக்கு. கோடு தானாக நீண்டது, ஓரத்தில் மீட்டர் கணக்கு வந்தது. மனிதன் நிமிடத்துக்கு எண்பது மீட்டர் நடப்பான் என்று எங்கோ படித்திருந்தார். வகுத்தார். ஸ்டேஷனிலிருந்து தேவாலயம் மூன்று நிமிடம், கால்வாய்ப் பாலம் ஐந்து, கோட்டை ஏழு. மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பித்த வேலை நான்கு மணிக்கு முடிந்தது. ஜன்னலோரச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போனார்.

மன்றக் கூட்டத்தில் அந்தப் பட்டியலைப் படித்தபோது சேர்மன் கிளைவ் பார்ஸ்டோவின் முகம் மலர்ந்துவிட்டது. கோட்டை வாசலில் இருக்கும் தேநீர்க் கடை அவருடையது. ஏழு நிமிடம் என்று எழுதினால் யார் வராமல் இருப்பார்கள்? எழுதுங்கள், நாளைக்கே அனுப்புங்கள் என்றார். மிஸஸ் மேவிஸ் கிரீன்வுட் உடனே கையைத் தூக்கினார். அவருடைய கம்பளி நூல் கடை கீழே சந்தைச் சதுக்கத்தில் இருக்கிறது. கோட்டைக்குப் போகும் ஜனம் தன் கடையைக் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை என்பது அவருடைய நெடுநாள் குறை. ஏழு நிமிடம் என்று எழுதி வயதானவர்களைச் சாகடிக்கப் போகிறீர்களா, இருபத்தைந்துக்குக் குறைந்து எழுத நான் சம்மதிக்க மாட்டேன் என்றார். இருவரும் ஒரே பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஐம்பது வருடமாக எதிலும் ஒத்துப்போனதில்லை.

பொதுமக்களுக்கான நாற்காலி வரிசையில் எப்போதும் ஒருவர்தான் இருப்பார். நெவில் ராம்ஸ்டன், ஓய்வு பெற்ற தபால்காரர். மனைவி இறந்து நான்கு வருடம் ஆகிறது. மன்றத்தில் கதகதப்பு நன்றாக இருக்கிறது, தன் வீட்டில் ஒரு ஆளுக்காகக் கணப்பை மூட்டுவது வீண் என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்துவிடுவார். அவர் எழுந்து நின்றார்.

"ஜானிஸ் கண்ணு, நீ பார்த்த படம் மேலேருந்து பார்த்து வரைஞ்சது. மேலேருந்து பார்த்தா படிக்கட்டு தெரியாது. கீழ நின்னு பார்த்தாத்தான் தெரியும்."

கோட்டைப் படிக்கட்டு இருநூற்றுப் பதினான்கு படி. முப்பத்தாறு வருடம் கடிதப் பையோடு ஏறியவர் சொன்னால் எதிர்த்துப் பேச என்ன இருக்கிறது? ஜானிஸ் தன் தாளைப் பார்த்தார், காது சிவந்தது, நான் தவறு செய்துவிட்டேன் என்று சொல்லி அதை அப்படியே கூட்டக் குறிப்பு எழுதும் மினிட் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். கடைசியில் தீர்மானம் இப்படி வந்தது. கிளார்க் ஒவ்வொரு வழியையும் மூன்று முறை நேரில் நடந்து அளக்க வேண்டும். சராசரி வேகத்தில் நடக்கும் ஒருவர் கூட நடக்க வேண்டும். மூன்றின் சராசரியை எழுத வேண்டும்.

சராசரி ஆளைத் தேடியதில்தான் ஒரு வாரம் போனது. ஊரில் ஒருவரும் தான் சராசரி என்று ஒப்புக்கொள்ளவில்லை. தபால் நிலையத்தில் ஒட்டிய அறிவிப்புக்குக் கீழே யாரோ என் மச்சினனைக் கூப்பிடுங்கள் என்று கிறுக்கியிருந்தார்கள். இறைச்சிக் கடைக்காரர் தனக்கு இடுப்பு வலி என்றார். பள்ளி ஆசிரியை தான் மாரத்தான் ஓடுகிறவள், தன்னைப் போய் இப்படிக் கேட்கலாமா என்று வருத்தப்பட்டார். கடைசியில் நெவில்தான் மன்ற அலுவலகத்துக்கு வந்து, சின்ன வயதில் நான் வேகமாக நடப்பேன், இப்போது முட்டி தகராறு செய்கிறது, இரண்டையும் கூட்டி வகுத்தால் சராசரிதானே என்று கேட்டார். ஜானிஸுக்கு அந்தக் கணக்கு நியாயமாகப் பட்டது.

மன்றத்தின் போனில் ஒரு செயலியை இறக்கிக்கொண்டார்கள். நடக்க நடக்க அது வரைபடத்தின் மேல் நீலக் கோடு போடும். நிமிடத்துக்கு ஒரு புள்ளி வைக்கும். நடக்காமல் நின்றால் புள்ளிகள் ஒரே இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவியும்.

மே மாதம் முதல் திங்கள்கிழமை கிளம்பினார்கள். என் கடை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நெவில் இரண்டடி முன்னால், ஜானிஸ் போனைப் பார்த்துக்கொண்டே பின்னால். ஸ்டேஷனிலிருந்து கால்வாய்ப் பாலம் ஒன்பது நிமிடம். புதன்கிழமை அதே வழி. இந்தத் தடவை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் போனார்கள். பதினேழு நிமிடம். நெவில் ஒவ்வொரு வீட்டையும் காட்டி, இந்த வீட்டுக்கு இருபது வருடம் ஒரே பெண்ணிடமிருந்து கடிதம் வந்தது, இந்த வீட்டு நாய் என் மூன்று கால்சட்டைகளைத் தின்றது என்று சொல்லிக்கொண்டு போயிருக்கிறார். வெள்ளிக்கிழமை மூன்றாவது தடவை. முப்பத்தெட்டு நிமிடம். அன்று ஜானிஸ் என் கடைக்கு வந்து முட்டிக்குப் போடும் பட்டை ஒன்று வாங்கினார். உங்களுக்கா என்று கேட்டேன். இல்லை, அவருக்கு என்றார்.

மற்ற வழிகளும் இப்படித்தான். இரண்டு நாளில் முடிய வேண்டிய வேலை மூன்று வாரம் நடந்தது. போகப் போக ஊர் பெரிதாகிக்கொண்டே போனது.

ஜானிஸுக்கு இது தெரியாமல் இல்லை. மூன்றாவது நடையை எல்லாம் அழித்துவிட்டு மறுபடி நடக்கலாமா என்று யோசித்ததாகப் பிறகு சொன்னார். ஆனால் தீர்மானத்தில் மூன்று முறை என்றுதான் இருக்கிறது, நான்காவது முறையைப் பற்றி ஒன்றும் இல்லை. நடந்தது நடந்ததுதான். கூட்டினார், மூன்றால் வகுத்தார், எழுதினார். கால்வாய்ப் பாலம் இருபத்தொரு நிமிடம். தேவாலயம் பதினெட்டு. கோட்டை நாற்பத்து மூன்று.

ஜூன் மாதக் கூட்டத்துக்கு என்றும் இல்லாத கூட்டம். நானும் போயிருந்தேன். ஜானிஸ் எண்களைப் படித்ததும் மிஸஸ் கிரீன்வுட் கைதட்டினார். நாற்பத்து மூன்று என்பது அவர் கனவில்கூட எதிர்பார்க்காத எண்.

"நாப்பத்து மூணு நிமிஷத்துல நான் பக்கத்து ஊருக்கே போயிடுவேன்," என்றார் பார்ஸ்டோ. "ஜானிஸ், போன் போட்ட அந்த நீலக் கோடுகளைத் திரையில போட்டுக் காட்டுங்க."

ஜானிஸ் போட்டார். சுவர் முழுக்க எங்கள் ஊர் விரிந்தது. அதன்மேல் நீலக் கோடுகள். பார்ஸ்டோ இன்னும் பெரிதாக்குங்கள் என்றார். பெரிதாக்கினார். அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. நேராக ஓட வேண்டிய கோடு அங்கங்கே பூனை விளையாடிய நூல்கண்டு மாதிரி சிக்கிக் கிடந்தது.

மிஸஸ் கிரீன்வுட் நூலோடு வாழ்கிறவர். சிக்கு எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிப்பது அவருக்குத் தொழில். அந்த எண்ணால் லாபம் அவருக்குத்தான் என்பதையும் மறந்து எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"இது வறுத்த மீன் கடை," என்றார். "பன்னெண்டு நிமிஷம்."

வரிசை நீளமாக இருந்தது என்றார் நெவில் பின்னாலிருந்து.

"இது கால்வாய் ஓரத்து பெஞ்சு. பத்தொம்பது நிமிஷம்."

ஒரு நீர்க்கோழி குஞ்சுகளோடு குறுக்கே போனது, அது போகும்வரை நின்றோம் என்றார் நெவில். பத்தொன்பது நிமிடம் போகிற நீர்க்கோழியா என்று யாரோ கேட்டார்கள். எட்டுக் குஞ்சு என்றார் அவர்.

மிஸஸ் கிரீன்வுட்டின் விரல் திரையில் இன்னும் மேலே ஏறி ஓரிடத்தில் நின்றது. அங்கே கோடு தெருவை விட்டே விலகி ஒரு வீட்டுக்குள் போயிருந்தது. தோல்காரர் சந்து, ஏழாம் எண். அது யார் வீடு என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. உள்ளே இருபத்தாறு புள்ளிகள் ஈ மொய்த்த மாதிரி கிடந்தன.

"மழை பெஞ்சுது," என்றார் நெவில்.

"நீங்க கோட்டைக்கு நடந்த புதன்கிழமை மழையே பெய்யலையே, நெவில்."

"என் வீட்டுக்கிட்ட பெஞ்சுது."

நான் என் வாழ்நாளில் மன்றக் கூட்டத்தில் அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டதில்லை. சேர்மன் மேசையைத் தட்டித் தட்டிக் கை வலித்திருக்கும். சிரிப்பு அடங்கியபோது ஜானிஸ் எழுந்து நின்றிருந்தார். முகம் பீட்ரூட் நிறம்.

"மழை பெய்யல. நாங்க உள்ள போய் டீ குடிச்சோம். இஞ்சி கேக் சாப்பிட்டோம். போனை நிறுத்தியிருக்கணும், எனக்கு ஞாபகமே வரல. ஏன் வரலன்னு அன்னைக்கு எனக்குத் தெரியல. இப்பத் தெரியுது. எண்ணு தப்பு. ஆனா பொய் இல்ல."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் பேனாவை எடுத்தார். மினிட் புத்தகம் எழுத வேண்டியவர் அவர்தானே. கிளார்க் டீ குடித்ததாகக் கூறினார், இஞ்சி கேக் சாப்பிட்டதாகக் கூறினார் என்று ஒன்று விடாமல் எழுதுகிறவரை அத்தனை பேரும் காத்திருந்தோம். பேனா கீறும் சத்தம் மட்டும் கேட்டது. நெவில் தன் தொப்பியை மடியில் வைத்து அதன் விளிம்பைச் சுற்றிக்கொண்டே இருந்தார். அவருடைய கழுத்து வரைக்கும் சிவந்துவிட்டது. ஆனால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

பார்ஸ்டோ விடுகிற ஆள் இல்லை. இவர்கள் அளக்கவில்லை, ஊர் சுற்றியிருக்கிறார்கள், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நானே நடந்து காட்டுகிறேன், அதே போன், அதே வழி, ஏழு நிமிடம் என்றார்.

"கிளைவ், நீ பள்ளிக்கூடத்துலயே ஓட்டப் பந்தயம்னா வயித்து வலின்னு உக்காந்தவன்," என்றார் மிஸஸ் கிரீன்வுட். "பேசாம இரு."

அதைச் சொல்லியிருக்காவிட்டால் ஒருவேளை அவர் பின்வாங்கியிருப்பார். 

சனிக்கிழமை ஸ்டேஷன் வாசலில் நூறு பேராவது இருந்தோம். பார்ஸ்டோ புதுக் காலணி போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஜானிஸ் போனை அவருடைய சட்டைப் பையில் வைத்துப் பொத்தானை அழுத்தினார். அவர் புறப்பட்டார். ஓடவில்லை என்று சொல்லிக்கொள்ளும்படியாக ஓடினார். நாங்கள் பின்னாலேயே போனோம். சந்தைச் சதுக்கம், பாலம் எல்லாம் மூன்றே நிமிடத்தில் போய்விட்டது. படிக்கட்டின் அடியில் நின்று திரும்பிப் பார்த்து ஒரு கையை ஆட்டினார். அதுதான் அவர் செய்த தவறு. நின்றால் கால்கள் யோசிக்க ஆரம்பித்துவிடும்.

அறுபது படி வரை தடதடவென்று ஏறினார். எண்பதில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தார். தொண்ணூற்றாறாவது படியில் உட்கார்ந்தார். தன் தேநீர்க் கடைக்குப் பதினொரு வருடமாகப் பின்பக்கச் சாலையில் காரில் போய்க்கொண்டிருந்தவர் அவர். இதை எங்கள் யாரிடமும் சொன்னதில்லை. படிக்கட்டிடமும் சொல்லியிருக்கவில்லை போலும்.

நான் பக்கத்தில் போய் நாடி பிடித்துப் பார்த்தேன். பயப்பட ஒன்றும் இல்லை, வேகம்தான் அதிகம். பேச வாயைத் திறந்தார், மூச்சுதான் வந்தது. ஜனங்கள் ஒவ்வொருவராக அவரைத் தாண்டி ஏறிப் போனார்கள். அவரவர் ஆறுதலாக ஏதோ சொல்லிவிட்டுப் போனது அவருக்கு இன்னும் கொடுமையாக இருந்திருக்கும். நெவில் வந்து கீழ்ப்படியில் உட்கார்ந்து, இந்த இடத்தில் பெஞ்சு போட வேண்டும் என்று நான் தொண்ணூற்றெட்டாம் வருஷத்திலேயே மனு கொடுத்தேன், யார் நிராகரித்தது என்று ஞாபகம் இல்லை என்றார். பார்ஸ்டோவுக்கு ஞாபகம் இருந்தது. தலையைத் தொங்கப் போட்டார்.

மிஸஸ் கிரீன்வுட் கீழேயிருந்து மெல்ல ஏறி வந்தார். பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து மூடியில் டீ ஊற்றி நீட்டினார்.

"குடி. கீழ இறங்கிடலாமா?"

"மேல போகணும்," என்றார் பார்ஸ்டோ.

போனார். முப்பத்து நான்கு நிமிடம். கடைசிப் பத்துப் படியில் மிஸஸ் கிரீன்வுட்டின் தோளைப் பிடித்துக்கொண்டார் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் பின்னால் இருந்ததால் பார்க்கவில்லை.

மேலே போய்ப் பார்த்தால் அவருடைய கடையில் அவருக்கே உட்கார இடம் இல்லை. வேடிக்கை பார்க்க வந்து மூச்சு வாங்க ஏறிய நூறு பேரும் நாற்காலி நாற்காலியாக விழுந்து கிடந்தார்கள். ஒருவருக்கு இரண்டு கோப்பை டீ, இரண்டு துண்டு கேக். ஒரு மணி நேரமாகியும் யாரும் எழுந்திருக்கவில்லை. பதினொன்றரைக்கெல்லாம் கேக் தீர்ந்துவிட்டது. கடைப் பெண் அவரிடம் ஓடிவந்து, மாவு வாங்க யாரை அனுப்புவது என்று கேட்டாள்.

பார்ஸ்டோ சுவரில் சாய்ந்து நின்று அந்தக் காட்சியைப் பார்த்தார். களைத்து வருகிறவன்தான் உட்காருகிறான், உட்காருகிறவன்தான் சாப்பிடுகிறான் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அடுத்த திங்கள்கிழமையே மன்றத்துக்கு வந்து, ஜானிஸ் சொன்ன நாற்பத்து மூன்று நல்ல எண்தான், அதையே எழுதிவிடலாம் என்றார். இதைக் கேள்விப்பட்ட மிஸஸ் கிரீன்வுட் கடையைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவரும் சனிக்கிழமை கீழே இறங்கி வந்த பிறகு சதுக்கத்தைக் கவனித்திருந்தார். கோட்டை ரொம்ப தூரம் என்று காதில் விழுந்ததும், இருட்டுவதற்குள் போய் வர வேண்டுமே என்று ஜனம் அவருடைய கடைக்கு முன்னால் நிற்காமலேயே ஓடியது. கோட்டை பக்கத்தில்தான் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று தெரிந்தால்தானே நின்று நூல் பார்ப்பார்கள்? ஆகவே ஏழு நிமிடம் என்று எழுதுங்கள், அதற்கு மேல் ஒரு நொடிகூட நான் சம்மதிக்க மாட்டேன் என்றார்.

இருவரும் மாறி மாறி ஜானிஸின் மேசையைத் தட்டினார்கள். ஜானிஸ் இருவரையும் பார்த்தார். பிறகு அந்த இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாகச் சேர்மனைப் பார்த்து, "வெளிய போங்க, நான் வேலை செய்யணும்," என்றார். போய்விட்டார்கள்.

அடுத்த நாள் காலை அவர் நெவிலின் வீட்டுக் கதவைத் தட்டி, இன்னொரு தடவை எல்லா வழியும் நடக்க வேண்டும், நான்காவது நடைக்குத் தீர்மானம் இல்லை, என் சொந்தப் பொறுப்பில் செய்கிறேன் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. வழியில் பேசக் கூடாது. நிற்கக் கூடாது.

நெவில் முட்டிப் பட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். பேசவில்லை. என் கடையைத் தாண்டும்போது நான் கையசைத்தேன், அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு புருவத்தை மட்டும் உயர்த்தினார். மீன் கடையைப் பார்க்காமல் போனார்கள். கால்வாயில் நீர்க்கோழிக் குஞ்சுகள் நன்றாக வளர்ந்திருந்தன. ஜானிஸ் அவற்றைப் பார்த்தார், அவர் பார்த்ததை நெவிலும் பார்த்தார், இருவரும் வாயைத் திறக்கவில்லை. படிக்கட்டில் ஒரே வேகம். பிறர் ஏறும்போது தரையைப் பார்ப்பார்கள். ஜானிஸ் முழு நேரமும் பக்கத்தில் கேட்கும் நெவிலின் மூச்சைக் கேட்டுக்கொண்டே ஏறியதாகச் சொன்னார். இத்தனை நேரம் ஒருவர் பேசாமல் கூட வருவது தனக்கு இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கவில்லை என்றார்.

கோட்டை வாசலில் போனைப் பார்த்தார்கள். பதினாறு நிமிடம்.

"பதினாறு நிமிஷமா வாயை மூடிக்கிட்டு வந்துட்டேன்," என்றார் நெவில். "இப்பப் பேசலாமா?"

பேசுங்கள் என்றார் ஜானிஸ்.

"என் தங்கச்சி ஸ்கார்பரோவுல இருக்கா. ஞாயித்துக்கெழமை சாப்பிடக் கூப்பிட்டிருக்கா. ரெண்டு பேராத்தான் வரணுமாம், ஒத்த ஆளுக்கு வாத்து வாட்ட மாட்டாளாம். ரெண்டாவது ஆளு யாருன்னு கேட்டா. நான் இன்னும் சொல்லல."

வாத்து என்றால் உருளைக்கிழங்கும் உண்டா என்று கேட்டார் ஜானிஸ். உண்டு என்றார் நெவில். சரி, சொல்லிவிடுங்கள் என்றார் ஜானிஸ்.

பதினாறு என்ற எண் மன்றத்துக்கு வந்தது. பார்ஸ்டோ குறைவு என்றார், மிஸஸ் கிரீன்வுட் அதிகம் என்றார். இருவருமே ஒத்துக்கொள்ளாத எண் என்பதால் மற்றவர்கள் எல்லோரும் கையைத் தூக்கிவிட்டார்கள். தொண்ணூற்றாறாவது படியில் ஒரு பெஞ்சு போட வேண்டும் என்ற தீர்மானத்தைச் சேர்மனே கொண்டுவந்தார், அதற்கு மட்டும் எதிர்ப்பே இல்லை. 

செப்டம்பரில் கைகாட்டிகள் வந்தன. எங்கிருந்தோ வந்த இரண்டு ஆட்கள் ஒரே காலையில் ஐந்தையும் நட்டுவிட்டு, டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்கள். எண்கள் எல்லாம் சரி. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. ஸ்டேஷன் வாசலில் நின்ற கைகாட்டியை மட்டும் திருப்பி நட்டிருந்தார்கள். கோட்டை பதினாறு நிமிடம் என்ற கை, ஊருக்கு வெளியே ஆட்டுச் சந்தை மைதானத்தைக் காட்டிக்கொண்டு கம்பீரமாக நின்றது.

நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. எங்களுக்கு எதற்குக் கைகாட்டி? மூன்றாவது நாள் மதியம் லீட்ஸிலிருந்து வந்த ஒரு தம்பதி, காலணியெல்லாம் சேறாக என் கடைக்குள் நுழைந்தார்கள். கணவர் மிகவும் மரியாதையான மனிதர். பதினாறு நிமிடம் சரியாக இருந்தது, நாங்கள் கடிகாரம் பார்த்துக்கொண்டே நடந்தோம், ஆனால் அங்கே ஆடுகள்தான் இருந்தன, கோட்டையை எப்போது இடித்தார்கள் என்று கேட்டார்.

நான் ஜானிஸுக்குப் போன் செய்தேன். பத்து நிமிடத்தில் இருவரும் வந்துவிட்டார்கள். நெவிலின் கையில் ஒரு பெரிய ஸ்பானர். ஜானிஸ் ஏணியைப் பிடித்துக்கொள்ள, அவர் மேலே ஏறி ஒவ்வொரு கையாகக் கழற்றிப் பூட்ட ஆரம்பித்தார். லீட்ஸ் தம்பதி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்சம் இடது, இன்னும் கொஞ்சம், அவ்வளவு வேண்டாம் என்று ஜானிஸ் கீழேயிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். லீட்ஸ் அம்மாள் என்னிடம் மெதுவாக, இவர்கள் நகர மன்றத்து ஆட்களா என்று கேட்டார். ஏணியைப் பிடித்திருக்கிறவர் மன்றத்தில் கிளார்க், மேலே இருக்கிறவர் அவருடைய வீட்டுக்காரர் என்றேன்.

அப்போது அது உண்மை இல்லை. அது உண்மையாவதற்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. ஆனால் ஏணியின் இரண்டு பக்கத்திலிருந்தும் யாரும் மறுக்கவில்லை.